வெள்ளெழுத்து

நுழையும்முன்

முதுமை, தலையில் நரையாகவும் தோலில் திரையாகவும் வெளிப்படும். கண்ணில் அது புகுவதைப் பிறர் காண்பதில்லை. அச்சகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்தி வாழ்ந்த ஒருவர், தம் பார்வை மாறிவந்த வகையை இங்கு எழுதுகிறார்.

தமிழில் ‘வெள்ளெழுத்து’ என்றொரு சொல் உண்டு. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அருகிலுள்ள எழுத்துகள் தெளிவின்றிப் போகும் நிலையை அது குறிக்கும். கரிய மையால் அச்சிட்ட எழுத்து, தாளின் வெண்மைக்குள் கரைந்து வெளிறித் தோன்றுவதால் இப்பெயர் அமைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெலுங்கு பேசுவோர் இதே குறையைச் ‘சத்வாரம்’ என்பர். நாற்பது என்னும் எண்ணைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புடைய பெயர் அது. ஒரு மொழி வயதை எண்ணிப் பெயர் வைத்தது; மற்றொரு மொழி தாளைப் பார்த்துப் பெயர் வைத்தது. எனக்குத் தமிழின் வழியே பிடித்திருக்கிறது. கண்ணைக் குறைகூறாமல் எழுத்தின்மேல் பழிபோடும் பெருந்தன்மை அதில் இருக்கிறது. வெள்ளெழுத்து வந்தவர்கள் முதலில் செய்வதும் அதைத்தான். மை போதவில்லை என்பார்கள். விளக்கு மங்கல் என்பார்கள். இக்காலத்தில் யார் ஒழுங்காக அச்சிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். நாளிதழை ஏந்திய கை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். கையின் நீளம் போதாமற்போகும் நாளில்தான் கண்ணாடிக் கடையின் நினைவு வரும்.

புள்ளியைத் தேடும் தொழில்

மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருபத்திரண்டாம் வயதில் சேர்ந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி அச்சுக் கோத்த காலம் அது. கோத்த பக்கத்தில் மை தடவி ஒரு தாளை அழுத்தி எடுப்பார்கள். ஈரம் உலராத அந்தத் தாள்தான் மெய்ப்பு. அதில் உள்ள பிழைகளைக் கண்டு ஓரத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை.

தமிழில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு முதற்பகை புள்ளி. ‘பத்து’ என்னும் சொல்லில் நடுவெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி உதிர்ந்துவிட்டால் அது ‘பதது’ ஆகிவிடும். ஈய எழுத்தில் புள்ளி தேய்ந்துபோவது அன்றாட நிகழ்ச்சி. அடுத்த பகை, ரகரமும் துணைக்காலும். அவற்றை வேறுபடுத்துவது அடியிலுள்ள ஒரு சிறு சாய்கோடுதான். அடிக்குறிப்புகளை எட்டுப் பாயிண்டு எழுத்தில் அடுக்குவார்கள். அந்த அளவில் புள்ளி என்பது ஊசிமுனை பட்ட தடம் போன்றது.

நாற்பத்து நான்காம் வயதில் எனக்கு அடிக்குறிப்புகள் முதலில் விடைகொடுத்தன. பிழை ஏதும் தப்பிவிடவில்லை, நேரம்தான் கூடிற்று. பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்தைப் பார்த்து முடிக்க முன்பு ஒரு முற்பகல் போதும். அது பிற்பகலையும் தின்னத் தொடங்கியது. சன்னலோரத்து மேசைக்கு இடம் மாறினேன். விளக்கைத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். பிறகு கண்ணாடி வாங்கினேன்.

இதன் காரணம் எளியது. கண்மணிக்குப் பின்னால் நெகிழ்வான ஒரு வில்லை இருக்கிறது. அருகிலுள்ளதைப் பார்க்கும்போது, அதைச் சூழ்ந்துள்ள தசை சுருங்க, வில்லை தன் இயல்பால் திரண்டு தடித்து ஒளியைக் கூடுதலாக வளைக்கும். பத்து வயதுச் சிறுவனால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காண முடியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வில்லை இறுகுகிறது. தசை சுருங்கினாலும் அது திரள்வதில்லை. நாற்பது வயதில் அந்தத் தொலைவு 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அறுபதில் கைக்கு எட்டாத தொலைவாகிவிடுகிறது. இந்த இறுக்கம் நாற்பதில் திடீரென்று வருவதன்று. இதைப் படிக்கும் உங்கள் கண்ணிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களிடம் கையிருப்பு மிகுதியாக இருப்பதால் செலவு தெரியவில்லை. ஒளியின் கணக்கும் இத்தகையதே. அறுபது வயதில் கண்மணி சுருங்கி, வில்லையும் மங்கிவிடுவதால், இருபது வயதில் விழித்திரையை அடைந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே செல்கிறது. விளக்கு மங்கல் என்று முதியவர் சொல்வது முழுப்பொய் அன்று.

அக்காலத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தவை ஓலைச்சுவடிகள். எங்கள் அச்சகத்துக்குச் சில வேளைகளில் சுவடியிலிருந்து படியெடுத்த நூல்கள் வரும். ஓலையில் எழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியின் அழுத்தத்தில் ஓலை கிழிந்துவிடும் என்பது சொல்லப்படும் காரணம். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தும் ஏட்டில் அது நிற்கவில்லை. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடில்லை. அப்படிப்பட்ட ஏடுகளை ஒப்புநோக்கித்தான் உ.வே.சாமிநாதர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். இல்லாத புள்ளியைப் பொருள் நோக்கி இட்டுப் படித்த மரபு நம்முடையது. கண் காணாததை உள்ளம் நிரப்பிக்கொண்டது.

மெய்ப்புத் திருத்துநருக்கோ அந்த நிரப்பும் உள்ளமே எதிரி. ‘பதது’ என்று அச்சாகியிருந்தாலும் பழகிய உள்ளம் அதைப் ‘பத்து’ என்றே படித்துவிட்டு நகரும். அதை நகரவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான் எங்கள் பயிற்சி. பொருளை மறந்து, எழுத்தெழுத்தாக, ஒன்றும் அறியாதவரைப் போலப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகள் அப்படிப் பழகிய பிறகு கல்யாணப் பத்திரிகையைக்கூட வேறுவிதமாகப் படிக்க இயலாது. என் வீட்டார் இதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள்.

அப்பத்தாவின் கண்ணாடி

அறுபதைக் கடந்தபின் வலக்கண்ணில் புரை வளர்ந்தது. விழிவில்லை, தெளிவிழந்து பழுப்பேறிப் பனிமூட்டம் போலாவதே புரை. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு, முள்முள்ளாகச் சிதறித் தெரிந்தது. அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அப்பத்தாவின் நினைவுதான் வந்தது.

நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அவருக்கு இரு கண்களிலும் புரை அறுவை நடந்தது. அக்காலத்தில் கெட்டுப்போன வில்லையை எடுப்பார்கள்; அந்த இடத்தில் வேறொன்றை வைப்பதில்லை. கட்டுப்போட்ட கண்களோடு தலையை அசைக்காமல் பல நாள் படுத்திருக்க வேண்டும். பிறகு, எடுத்த வில்லைக்கு ஈடாகச் சோடாப்புட்டியின் அடிபோலத் தடித்த கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் பொருள்கள் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் அருகில் இருப்பது போலவும் தோன்றும். அப்பத்தா சொம்பைச் சாய்த்தால் தண்ணீர் குவளைக்கு இப்பால் தரையில் விழும். சில நாளில் அவரே ஒரு வழி கண்டார்: இடக்கைச் சுட்டுவிரலைக் குவளையின் விளிம்பில் வைத்துக்கொண்டு, அந்த விரலை நோக்கி ஊற்றுவார். கண்ணாடியின் ஓரத்தில் எதுவும் தெரியாத ஒரு வளையம் இருக்கும். பக்கவாட்டிலிருந்து நடந்து வருபவர் அந்த வளையத்தில் மறைந்து, திடீரென்று முகத்துக்கு நேரே தோன்றுவார். “எங்கடா இருந்து குதிச்ச?” என்று அவர் என்னை அதட்டாத நாளில்லை. நான் ஓட்டைக் கூரையிலிருந்து குதித்தேன் என்பேன். அவர் நம்பாமல் மேலே பார்ப்பார்.

அந்தத் தடித்த கண்ணாடி மறைந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானிகள் சிலரின் கண்ணுக்குள், உடைந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் தங்கியிருந்தன. அவற்றைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதை ஆங்கில மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். கண் ஏற்றுக்கொள்ளும் பொருளால் வில்லை செய்தால் என்ன என்று எண்ணி, 1949 நவம்பரில் இலண்டன் தூய தாமஸ் மருத்துவமனையில் ஒருவரின் கண்ணுள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். கண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதுதான் மருத்துவம், வெளியிலுள்ளதை உள்ளே வைப்பதா என்று அவர்தம் துறையினர் பலர் நெடுங்காலம் எதிர்த்தனர்.

அது எளியவர்களுக்கு எட்டியதில் மதுரைக்கும் பங்குண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ.வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப்பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வுபெற்றவுடன் 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், மதுரையிலேயே அதைச் செய்ய 1992இல் ஆரோலேப் உருவாயிற்று. விலை பல மடங்கு இறங்கியது. அப்பத்தா இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார்.

என் அறுவை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. படுத்திருந்ததும் இல்லை, கட்டும் இல்லை. மறுநாள் கண்மறைப்பை எடுத்துவிட்டார்கள். வீட்டில் கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்தேன். சலவையில் சொட்டு நீலம் கூடிவிட்டதோ என்னும்படி அது நீலம் பாரித்திருந்தது. இடக்கண்ணால் மட்டும் பார்த்தேன். பழைய தாளின் நிறம். வலக்கண்ணால் பார்த்தேன், மீண்டும் நீலவெண்மை. பழுத்த வில்லை நீல ஒளியைத் தடுத்துவிடும் என்றும், அது போனபின் நீலம் உள்ளே வருகிறது என்றும் மருத்துவர் விளக்கினார். ஒரே வேட்டிக்கு இரண்டு வெண்மை. இத்தனை ஆண்டுகளாக எந்த வெண்மையின்மேல் எந்தக் கருமையைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அன்று நெடுநேரம் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடித் திறந்தேன். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ!

மறையும் வரி

புரைக்காகச் சென்ற இடத்தில் வேறொன்றும் தெரியவந்தது. கண்ணழுத்த நோய். கண்ணின் உள்ளே சுரக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை இழையிழையாக அழிக்கும் நோய் அது. பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணை அளந்து பார்த்தாலன்றி வெளியே தெரிவதில்லை.

அதற்கொரு சோதனை உண்டு. வெண்ணிறக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து நடுவில் உள்ள ஒளியையே நோக்க வேண்டும். கிண்ணத்தில் ஆங்காங்கே ஒளிப்புள்ளிகள் தோன்றி மறையும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வாழ்நாளெல்லாம் புள்ளி தேடியவனுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு வேறென்ன? சில புள்ளிகள் பளிச்சென்று வந்தன. சில, வந்தனவா வரவில்லையா என்று தெரியாமல் போயின. பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. கருவி நின்றுவிட்டது என்று எண்ணினேன். அது நிற்கவில்லை என்று பிறகு அச்சிட்டுக் கொடுத்த படம் காட்டியது. இடக்கண்ணின் பார்வைப் பரப்பில், நடுவுக்குச் சற்று மேலே ஒரு கருந்திட்டு. வலக்கண்ணில் அதே இடத்தில் சாம்பல் நிறம்.

“போனது போனதுதான் ஐயா. இருக்கிறதைக் காப்பாத்தலாம். ராத்திரி ஒரு சொட்டு, ஒரு நாள்கூட விடக் கூடாது” என்றார் மருத்துவர். என் மகளையும் சோதித்துக்கொள்ளச் சொன்னார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்பு கூடுதலாம். அன்றிரவு நான் உறங்கவில்லை. மரணத்தைப் பற்றி எண்ணியதுண்டு. அதற்கு முன்பே எழுத்து என்னை விட்டுப் போகக்கூடும் என்று அதுவரை எண்ணியதில்லை.

எனக்கு வியப்பளித்தது, அந்தத் திட்டு எனக்குத் தெரியவில்லை என்பதே. கறுப்பாக எதுவும் தொங்கவில்லை. ஓட்டை எதுவும் இல்லை. இது எப்படி என்று நீங்களே கண்டறியலாம். ஒரு வெள்ளைத் தாளின் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும், அதற்கு நேராக 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் சிலுவையை மட்டும் நோக்குங்கள். தாளை முகத்துக்கு அருகிலிருந்து மெல்ல அப்பால் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. எல்லோர் கண்ணிலும் பிறவியிலேயே உள்ள குருட்டிடம் அது. மறைந்த புள்ளியின் இடத்தில் நீங்கள் காண்பது கருமையன்று, வெறுந்தாள். மூளை சுற்றியுள்ள வெண்மையை எடுத்து அங்கே பூசிவிடுகிறது.

என் திட்டையும் அது அப்படித்தான் பூசி வைத்திருந்தது. ஒரு வரியை நோக்கும்போது அதற்கு மேலுள்ள இரண்டு மூன்று வரிகளில் ஒரு துண்டு எனக்குக் கிட்டுவதில்லை. ஆயினும் பக்கம் முழுமையாக இருப்பது போலவே தோன்றும். ‘பதது’ என்பதைப் ‘பத்து’ என்று காட்டி ஏய்த்த அதே கைதான் இது. நாற்பது ஆண்டுகள் அதனோடு மல்லுக்கு நின்றவன் நான். இப்போது தெருவைக் கடக்கவும் படியில் இறங்கவும் அந்தக் கையையே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொள்கிறேன், ஆனால் அதன்மேல் எனக்குள்ள ஐயம் தீரவில்லை. கடக்குமுன் தலையை முழுமையாகத் திருப்பி இருபுறமும் பார்க்கிறேன். படியின் விளிம்பைக் காலால் தொட்டறிகிறேன். குவளையின் விளிம்பில் வைத்த விரலின் பொருள் இப்போது புரிகிறது.

கேட்டுத் திருத்துதல்

பணியை விட்டுவிடலாம் என்று ஒரு மாலை பொருள்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், “ஐயா, நீங்க பார்க்க வேண்டாம். நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க” என்றாள். புது வழக்கமன்று அது. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க மற்றொருவர் மெய்ப்பைப் பார்ப்பது ஈய எழுத்துக் காலத்து முறை. இங்கே மெய்ப்பை அவள் வாசிப்பாள். நான் செவியால் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் பெரும்பாடு. அவள் நன்றாகப் படித்த பெண்; ஆகவே பிழைகளை எல்லாம் சரிசெய்தே வாசித்தாள். “இருக்கிறதை வாசிம்மா, இருக்க வேண்டியதை வாசிக்காதே” என்று பலமுறை சொன்னேன். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அதன்பின் நான் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. கண்ணை இத்தனை காலம் வருத்திய புள்ளி, காதுக்கு மறைவதே இல்லை. ‘பதது’ என்று அவள் வாசித்தால் கல் தடுக்கியது போல் கேட்கிறது. குறில் நெடில் மாற்றமும் அப்படியே. வாக்கியம் முறிந்திருந்தால், கண் கண்டுகொள்வதைவிட விரைவில் செவி கண்டுகொள்கிறது.

செவிக்கும் குருட்டிடம் உண்டு. ரகரமும் றகரமும் இன்று பலர் நாவில் ஒன்றே. நகரமும் னகரமும் ஒலியால் ஒன்றே. அவற்றுக்குப் பள்ளியில் நாங்கள் கற்ற பெயர்கள் கைகொடுத்தன: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்; இடையின ரகரம், வல்லின றகரம். அவள் இவற்றைப் பள்ளியில் கேட்டதே இல்லையாம். ஐயம் வருமிடத்தில் நான் மேசையை ஒரு தட்டு தட்டுவேன்; அவள் பெயரைச் சொல்வாள். தந்நகரம் மொழிக்கு முதலிலும் தகரத்துக்கு முன்பும் வரும், றன்னகரம் அங்கே வாராது என்று சொல்லிக்கொடுத்தபின், நான் தட்டுமுன்பே பல இடங்களில் அவளே நிறுத்திக்கொள்கிறாள்.

நாள்தோறும் இரவு ஒன்பதரைக்குச் சொட்டு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிண்ணத்தில் முகம். கடைசி இரு படங்களிலும் திட்டு வளரவில்லை. எட்டுப் பாயிண்டு அடிக்குறிப்புகள் முழுமையும் இப்போது அவள் பொறுப்பு.

சென்ற வாரம் ஒரு கதைநூலின் மெய்ப்பு வந்தது. மாலையில் நான்காம் பாரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். “பரவைமேல் பறந்தது” என்ற இடத்தில் மேசையைத் தட்டினேன். ‘பறவை, மேலே பறந்தது’ என்றும் கொள்ளலாம். ‘பரவை’யாகிய கடலின்மேல் எதுவோ பறந்தது என்றும் கொள்ளலாம். செவிக்கு இரண்டும் ஒன்றே.

“இடையின ரகரம், ஐயா. ஒரே சொல்லா சேர்த்துப் போட்டிருக்காங்க.”

“மூலத்தில?”

தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. “மூலத்திலயும் அதேதான்.”

“அப்ப கடல்தாம்மா. அடுத்த வரி.”